கழிவுநீர் சேரும் ஊருணியைச் செடிகளைக் கொண்டு தூய்மைப்படுத்த முடியுமா?

காரைக்குடிக்கு அருகிலுள்ள உங்கள் ஊரில், வீடுகளில் குளித்த நீரும் துவைத்த நீரும் வரத்துக்கால் வழியாக ஊருணியில் கலப்பதாகவும், ஆகாயத்தாமரையை விட்டால் நீர் தெளியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் என்பதால் இக்கேள்வி என் மனத்துக்கு மிக நெருக்கமானது. செடிகள் நிச்சயமாக உதவும். ஆனால் அவை ஊருணிக்குள் அல்ல, நீர் உள்ளே நுழையும் வழியில் இருக்க வேண்டும்.

ஆகாயத்தாமரை நைட்ரஜனையும் பாஸ்பரசையும், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும்கூட உறிஞ்சுவது உண்மைதான். எனினும் உறிஞ்சிய உலோகத்தையோ பாஸ்பரசையோ அது அழிப்பதில்லை, தன் உடலில் சேர்த்து வைக்கிறது. அவ்வப்போது வாரிக் கரையேற்றாவிட்டால், அழுகும்போது எடுத்ததையெல்லாம் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டு வாரத்தில் இருமடங்காகப் பெருகக்கூடிய அச்செடியை, கோடையில் வற்றும் நம் ஊருணிகளில் யாரும் விடக்கூடாது என்பதே என் கருத்து.

மாறாக, வரத்துக்கால் ஊருணியைத் தொடும் இடத்துக்கு முன்பாக 2 அடி ஆழத்தில் பள்ளம் வெட்டி, நீர் கீழே இறங்காதபடி களிமண் மெழுகி, சல்லி நிரப்பி, அதில் கல்வாழையும் சம்பு என்னும் கோரையும் நடலாம். நீர் சல்லிக்கு மேலே தெரியாமல் உள்ளேயே ஊர்ந்து சென்றால் கொசு பெருகாது. ஓர் ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் பரப்பும், நீர் ஏறத்தாழ 3 நாள் தங்கும் அளவும் வேண்டும். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சல்லியை அடைத்துவிடும் என்பதால் முன்னால் ஒரு சிறு தொட்டியும், ஐப்பசி மழை வெள்ளம் இந்தச் சல்லிப் படுகையை அரித்துச் செல்லாமல் விலகி ஓட ஒரு தனி வாய்க்காலும் அவசியம். இங்கே பெரும்பகுதி வேலையைச் செய்பவை வேரிலும் சல்லியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களே. சம்பு தன் தண்டின் காற்றறைகள் வழியாக வேருக்கு இறக்கும் ஆக்சிஜன் அவற்றுக்கும் கிடைக்கிறது. வெட்டிவேரைக் கரையில் நடுங்கள். 3 மீட்டர் வரைகூட இறங்கும் அதன் வேர் மண் சரிவைத் தடுக்கும்.

மாசைத் தாங்குவது வேறு, நீக்குவது வேறு. சாக்கடையோரத்தில் சீமைக்கருவேலம் செழிப்பதைப் பார்த்து, அது நீரைச் சுத்தம் செய்வதாக நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் பானைக்குள் தேய்க்கும் தேற்றான்கொட்டையும் கலங்கலைப் படிய வைக்குமே தவிர, கரைந்த கழிவை நீக்காது.

அறுத்த கல்வாழையை எருவாக்கலாம். பட்டறைக் கழிவோ முலாம் பூசும் இடத்து நீரோ கலந்தால் அதுவும் கூடாது. அந்நீரில் வளரும் பொன்னாங்கண்ணியையும் வள்ளைக்கீரையையும் பறிக்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். கழிப்பறை நீரை இப்படுகையில் விடவே கூடாது. படுகையைக் கடந்து வரும் நீர் தோட்டத்துக்கு ஏற்றது, குடிப்பதற்கு அன்று.