கேமரா விற்பனை குறைந்தால் லென்ஸ் கிடைக்காமல் போகுமா?

"எல்லோரும் மொபைலுக்குப் போய்விட்டார்கள், இப்போது லென்ஸ் மாற்றும் கேமரா வாங்கினால் பத்து வருஷம் கழித்து அதற்கு லென்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் எல்லா மவுண்ட்டுக்கும் (கேமராவில் லென்ஸை மாட்டுகிற வாய்) கிடைக்காது. பயப்பட வேண்டியது அங்கேதான்.

2012-ல் உலகம் முழுக்க இந்த வகைக் கேமரா சுமார் 2 கோடி எண்ணிக்கையில் கடைகளுக்குப் போனது. 2020-ல் 53 லட்சம். அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் பழைய உயரம் திரும்பவில்லை. ஒரு லென்ஸை வடிவமைக்கவும் அதை வார்க்கும் அச்சைச் செய்யவும் ஆகிற செலவு, பத்தாயிரம் விற்றாலும் லட்சம் விற்றாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் வாங்குகிற கூட்டம் குறைந்ததும் கம்பெனிகள் இரண்டு மூன்று மவுண்ட்டைக் கட்டி இழுப்பதை விட்டுவிட்டு ஒன்றில் மட்டும் பணத்தைப் போடுகின்றன, அதிலும் லாபம் அதிகமான ஃபுல் ஃபிரேம் (படம் பதியும் சென்சார் 35 எம்எம் ஃபிலிம் அளவில் உள்ள கேமரா) லென்ஸ்களுக்கே முதலிடம்.

கேனான் ஈஎஃப்-எம் மவுண்ட்டைப் பாருங்கள். 2012-ல் வந்து 2023-ல் முடிந்துபோனது, கேனான் அதற்குச் செய்த லென்ஸ் மொத்தமே 8. நண்பரிடம் அதன் 22 எம்எம் எஃப்/2 இருக்கிறது, வெறும் 105 கிராம், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போகலாம், அவ்வளவு அருமையான லென்ஸ். ஆனால் கேனானின் புதிய மவுண்ட்டான ஆர்எஃப் உள்ள கேமரா பாடியில் அதைப் போட வழியே இல்லை. ஈஎஃப்-எம்மில் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 18 மில்லிமீட்டர், ஆர்எஃப்பில் 20. லென்ஸ் இன்னும் 2 மில்லிமீட்டர் உள்ளே போனால்தான் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகும், இரண்டையும் இணைக்க நடுவில் மாட்டும் வளையமான அடாப்டரோ அதை வெளியேதான் தள்ளும். இதற்கு நேர்மாறாக, 1987-ல் வந்த கேனானின் ஈஎஃப் மவுண்ட்டின் இடைவெளி 44 மில்லிமீட்டர். நடுவில் அடாப்டருக்குத் தாராளமாக இடம் இருப்பதால் அந்தப் பழைய லென்ஸ்கள் ஆர்எஃப்பில் ஆட்டோஃபோகஸோடு ஓடுகின்றன.

லென்ஸ் கிடைத்தால் மட்டும் போதாது, உதிரி பாகமும் வேண்டும். என்னுடைய பழைய ஜூம் ஒன்றில் அப்பர்ச்சருக்கு (ஒளி நுழைகிற துளை) போகிற, வளையக்கூடிய ஃபிளெக்ஸ் கேபிள் அறுந்துவிட்டது. பார்ட் வருவதில்லை என்று சர்வீஸில் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு மெக்கானிக் அண்ணன்தான் உடைந்துபோன இன்னொரு லென்ஸிலிருந்து கேபிளைப் பிரித்தெடுத்து மாட்டிக்கொடுத்தார். நிறைய விற்ற லென்ஸ் என்பதால்தான் அப்படி ஒன்று சிக்கியது.

அதனால் பாடியைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த மவுண்ட்டுக்கு சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ் மாதிரி வெளிக் கம்பெனிகள் லென்ஸ் செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள், கூட்டம் இல்லாத இடத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். கையில் பணம் குறைவு என்றால் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) காலத்து லென்ஸ்களை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், பலர் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் குறைந்த விலைக்கு வருகின்றன. வாங்கும்போது மட்டும் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடு தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.