மகாராணித் தாளும் இஸ்திரிப்பெட்டியும்

கேள்வி: அம்மம்மாவின் பனையோலைக் கொட்டப்பெட்டிக்குள் 1952ஆம் ஆண்டு போட்ட, எலிசபெத் மகாராணி படமுள்ள இலங்கை ஒரு ரூபாய்த் தாள் கிடைத்தது. நடுவே மடிப்பு, மூலையில் கறையான் அரித்த துளை. இஸ்திரி போட்டால் விலை கூடுமா?
– வாசகி, மாங்குளம்

பதில்: தங்கச்சி, முதலில் இஸ்திரிப்பெட்டியைத் தள்ளி வையுங்கள். சூடு பட்டால் தாளின் மொறுமொறுப்பும் அச்சின் மேடும் செத்துவிடும். மடிப்போ போகாது. இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். நார் முறிந்த இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். கழுவுவது, செலோடேப் ஒட்டுவது எல்லாம் இதைவிடப் பாவம்.

தரத்தை 70 வரையான புள்ளிகளில் அளக்கிறார்கள். புழங்காத தாளுக்கு 60 முதல் 70 வரை; சில மடிப்புகள் இருந்தும் உடல் உறுதியான தாள் 20 முதல் 35க்குள் வரும். ஆனால் துளை இருந்தால் புள்ளியோடு அந்தக் குறையையும் எழுதிவிடுவார்கள், விலையும் இறங்கும்.

1956இல் மகாராணி படத்துக்குப் பதிலாக இலங்கை அரசின் சின்னம் போட்ட தாள்கள் வந்ததால் மகாராணித் தாள்கள் சில வருடங்களே அச்சாகின. அதற்காகக் கற்பனையில் காணி வாங்கிவிடாதீர்கள். அந்தத் தொடரில் சேகரிப்பவர்கள் தேடி அலைவது நூறு ரூபாய்த் தாளை; ஒரு ரூபாய் அவ்வளவு அருமையானதல்ல. கொட்டப்பெட்டியை நன்றாகத் துழாவினீர்களா?