ஒரே கடையில் இரண்டு ரவுட்டர்: பிரிண்டர் ஏன் காணாமல் போகிறது?

வெள்ளவத்தையில் ஃபோட்டோ கொப்பி கடை நடத்தும் வாசகர் கேட்கிறார்: "மேல்மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றையும் வயர் இழுத்துப் பூட்டினோம். அன்றிலிருந்து ஒரு கணினியில் இன்டர்நெட் வரும், பக்கத்துக் கணினியில் வராது. பிரிண்டரும் சிலவேளை காணாமல் போகிறது. விண்டோஸைத் திரும்ப ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றட்டுமா?"

வேண்டாம், அந்தக் காசு மிச்சம். கணினியைப் போட்டதும் விண்டோஸ், "எனக்கு ஒரு முகவரி தாருங்கள்" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கிறது. பதில் கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி (DHCP) என்று பெயர். உங்கள் கடையில் இப்போது இரண்டு ரவுட்டர்களும் அந்த வேலையைப் பார்க்கின்றன. எது முந்துகிறதோ, அதன் முகவரிதான் ஒட்டும். பழையது முந்தினால், இன்டர்நெட்டுக்கு வழி தானே என்றும் அது சொல்லிவிடும். அதனிடம் இணைப்பே கிடையாது! பிரிண்டர் 192.168.1.50இலும் கணினி 192.168.0.12இலும் இருந்தால், ஒன்றுக்கொன்று தெரியாது.

உறுதிப்படுத்த, விண்டோஸின் தேடலில் cmd என அடித்துத் திறக்கும் கறுப்புத் திரையில் 'ஐபிகொன்ஃபிக்' (ipconfig) என அடித்து, 'டிஃபோல்ட் கேட்வே' (Default Gateway) வரியைப் பாருங்கள். இன்டர்நெட்டுக்கு வழியாகக் கணினி நம்பும் ரவுட்டரின் முகவரி அது. நல்ல கணினியிலும் கெட்டதிலும் எண் வேறாக இருந்தால் பிரச்சினை இதுவேதான்.

பழைய ரவுட்டரைக் கழற்றி, ஒரு கணினியை மட்டும் வயரால் அதில் இணையுங்கள். அடிப்பக்க லேபிளில் உள்ள முகவரியை பிரவுசரில் திறந்து, லேன் (LAN) முகவரியை, அதாவது ரவுட்டரின் சொந்த முகவரியை, 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை நிறுத்திச் சேமியுங்கள். (பிரதான ரவுட்டர் 192.168.1.1 என்றால்தான் இந்த எண். அது பகிரும் முகவரிகளின் கடைசி எண்ணை 100இலிருந்து 200 வரை என்று வைத்துவிட்டால் மோதல் வராது.) சேமித்தவுடன் அந்தப் பக்கம் திறக்காது. பயந்துபோய் ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள், எல்லாம் முதலிலிருந்து! முகவரி மாறியதால்தான் திறக்கவில்லை.

பிறகு கீழிருந்து வரும் வயரைப் பழைய ரவுட்டரின் லேன் (LAN) துளையில் குத்துங்கள். இன்டர்நெட் வயருக்கான வான் (WAN) துளை வேண்டாம். அதில் குத்தினால் மேல்மாடி தனி வலையமைப்பாகிவிடும். கணினிகளை நிறுத்திப் போடுங்கள். பிரிண்டருக்குப் பிரதான ரவுட்டரிலேயே ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

ஐபிகொன்ஃபிக்கில் கணினியின் சொந்த முகவரி ('IPv4 Address' வரி) 169.254 என்று தொடங்கினால் கதை வேறு: யாருமே பதில் தரவில்லை. அப்போது வயரின் இரு முனைகளையும் பாருங்கள். சிலவேளை கிளிப் உடைந்து தளர்ந்திருக்கும்.