முத்திரைத்தாளில் கையெழுத்திட்டால் இழப்பீடு போய்விடுமா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த எனக்கு வயது 35. புதுச்சேரியில், சுற்றுலாப் பயணிகளைத் தூண்டில் போட அழைத்துச் செல்லும் விசைப்படகில், ஸ்ராங்குக்கு (படகோட்டும் தலைவருக்கு) அடுத்த ஆளாக மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தேன். 2025 மார்ச்சில் நங்கூரக் கயிறு சுற்றி இழுத்ததில் வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணு துண்டாகிவிட்டது. முதலாளி 20,000 ரூபாய் கொடுத்து, ‘இனி எதுவும் கோரமாட்டேன்’ என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். விபத்தை நான் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றும் இப்போது சொல்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டாலும், உங்கள் விபத்து அதற்கு முன்பே நேர்ந்ததால், 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படியே கேட்க வேண்டும். கப்பலில் வேலை செய்பவரும் அச்சட்டத்தின்படி பணியாளரே. துடுப்பால் மட்டும் செலுத்தப்படாத எந்தக் கலமும் கப்பலே என்று 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் சொல்வதால், விசைப்படகும் அதில் அடங்கும். படகிலேயே விபத்து நேர்ந்து அங்கேயே ஊனமும் தொடங்கியிருந்தால் கப்பல் பணியாளர் அறிவிப்புத் தர வேண்டியதில்லை என்று இழப்பீட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே முதலாளியின் இரண்டாவது வாதம் நிற்காது.

முத்திரைத்தாளைப் பற்றிய அச்சமும் வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 17ஆம் பிரிவு. அதோடு, மொத்தத் தொகைக்கான ஒப்பந்தத்தைப் பணியாளர் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யாத முதலாளி முழு இழப்பீட்டையும் தர வேண்டும். ஆணையர் வேறு விதமாக உத்தரவிட்டாலன்றி, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல், அதாவது 10,000 ரூபாய்க்கு மேல், அவரால் கழிக்கவும் முடியாது. பயணியின் அவசரத்தால் நேர்ந்தது என்று அவர் சொன்னாலும் பொறுப்பு நீங்காது.

உங்கள் சம்பளம் 18,000 என்றாலும் சட்டம் 15,000 வரைதான் கணக்கில் கொள்ளும். அதில் 60 விழுக்காட்டை 35 வயதுக்குரிய 197.06 என்ற காரணியால் பெருக்கி, ஒரு கணு இழப்புக்குரிய 9 விழுக்காட்டைக் கண்டால் சுமார் 1,59,600 ரூபாய் வருகிறது, வட்டி தனி. நீங்கள் வசிக்கும் கடலூருக்குரிய ஆணையரிடமே மனுச் செய்யலாம், ஆனால் விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிடுங்கள்.

சம்பளம் ஜிபேயில் வந்த பதிவுகளையும், மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியையும் (விபத்துப் பதிவேட்டின் நகலையும்) எடுத்து வையுங்கள். எக்ஸ்ரே மிக முக்கியம்: எலும்பு போகாமல் சதை நுனி மட்டும் துண்டானால் 5 விழுக்காடுதான் என்பதால், எலும்புக் கணுவே போனது மருத்துவச் சான்றிதழில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மனுவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.