ஒயில் பிரஷர் இறங்கினால் உடனே கூலர் பூட்ட வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பா வைத்திருந்த 1963 மொறிஸ் மைனர் 1000 இப்போது என்னிடம் இருக்கிறது. 1098 சீசீ எஞ்சின். பஞ்சிகாவத்தையில் ஒயில் பிரஷர் கேஜ் ஒன்று வாங்கிப் பூட்டினேன், அன்றோடு நிம்மதி போய்விட்டது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது 60 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அழுத்தம்) மேல் நிற்கிறது. காலி வீதி நெரிசலில் ஐட்லிங்கில் 15க்கு வந்துவிடுகிறது. அதிவேகப் பாதையால் காலிக்குப் போய்த் திரும்பிய அன்று, கொட்டாவையில் இறங்கி சிக்னலில் நின்றபோது 12. ஓடும்போது 50, 55 காட்டுகிறது. ஒரு மெக்கானிக் பாஸ் ஒயில் கூலர் பூட்டச் சொல்கிறார். இன்னொருவர் இன்னும் தடித்த ஒயில் ஊற்றினால் சரிவரும் என்கிறார். நான் எதைச் செய்வது?"

இப்போதைக்கு இரண்டையும் செய்யவேண்டாம். நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்தால் அறுபது வயது தாண்டிய எஞ்சின் ஒன்று நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த எஞ்சினுக்கான கைநூலே ஓடும்போது 60, ஐட்லிங்கில் 15 என்றுதான் சொல்கிறது, அதுவும் புதிய எஞ்சினுக்கு. உங்களுடையது சூட்டில் 12 காட்டுகிறது என்றால் பெயரிங்குகள் கொஞ்சம் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். உங்கள் அப்பாவின் காலத்தில் டாஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு மட்டுமே இருந்தது. பிரஷர் ஏழு, எட்டு பிஎஸ்ஐ அளவுக்குக் கீழே போனால்தான் அது எரியும். ஆகவே இந்த 12 பல வருடமாக இருந்திருக்கலாம். கேஜ் இல்லாததால் யாரும் காணவில்லை.

சரி, அந்த முள் எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். பம்ப் பிரஷரை உண்டாக்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பம்ப் செய்வது ஒயிலைத் தள்ளுவது மட்டும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகத் தள்ளும். அந்த ஒயில் போய்ச் சேரும் இடம் கிராங்க் தண்டையும் அதைத் தாங்கும் பெயரிங்கையும் பிரிக்கும் மெல்லிய இடைவெளி. அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு, தலைமயிரின் தடிப்பு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிக்குள்ளால் பிதுங்கி வெளியேற ஒயில் எவ்வளவு சிரமப்படுகிறதோ, அந்தச் சிரமத்தின் அளவுதான் கேஜில் தெரிகிறது.

ஆகவே முள் இறங்குவதற்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றுவது காரணமாகலாம், ஒயில் நீர்த்துப்போவது காரணமாகலாம், இடைவெளி அகன்றது காரணமாகலாம். கொட்டாவை சிக்னலில் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. மொறிஸில் பம்ப் கேம் தண்டோடு சுற்றுகிறது, அதாவது கிராங்கின் பாதி வேகத்தில். ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 600, 700 சுற்று என்றால் பம்புக்கு 300, 350தான். ஒயிலின் பக்கம் பார்த்தால், 20டபிள்யூ-50 என்ற தடிப்பு வகை ஒயில் 40 பாகை செல்சியஸில் இருக்கும் தடிப்பு 100 பாகையில் எட்டு, ஒன்பது மடங்கு குறைந்துவிடும். காலையில் 60க்கு மேல் ஏறுவதும் மத்தியானம் 15க்கு இறங்குவதும் இதனால்தான்.

நெரிசலில் முள் இறங்குவதைப் பார்த்ததும் ஒயில் கொதிக்கிறது என்று பயப்படுகிறோம். உண்மையில் பம்பலப்பிட்டியில் ஊர்ந்து போகும்போது ஒயிலுக்குள் பெரிதாகச் சூடு சேர்வதில்லை. அப்போது சூடாவது றேடியேற்றர் தண்ணீர். ஒயிலைச் சூடாக்குவது வேகமும் பாரமும். அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் எல்லையை ஒட்டி ஓடினால் உங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றை நெருங்கிவிடும். நாலு கியர் பெட்டி, அதற்கு மேல் ஓவர்டிரைவ் கிடையாது. காலியிலிருந்து கொட்டாவை வரைக்கும் அப்படியே ஓடிவந்தால் ஒயில் 110 பாகைக்குப் போயிருக்கும் என்பதில் அதிசயமில்லை. அந்தச் சூட்டோடு வந்து சிக்னலில் சும்மா நிற்கும்போது முள் ஆகக் கீழே போகும். அது 12இல் நின்றிருக்கிறது. எனக்கென்றால் அது கேட்கச் சந்தோஷமான எண்.

இப்போது கூலர் கதைக்கு வருவோம். ஒயில் கூலர் என்பது முன்னால் வைக்கும் இன்னொரு சின்ன றேடியேற்றர். அதற்குள்ளால் காற்று போனால்தான் வேலை செய்யும். காலி வீதியில் ஒரு பஸ்ஸின் பின்னால் அரை மணித்தியாலம் நிற்கும் காருக்கு அந்தக் காற்று எங்கிருந்து வரும்? நீங்கள் எந்த இடத்தில் முள்ளைப் பார்த்துப் பயப்படுகிறீர்களோ, அந்த இடத்தில்தான் கூலரால் ஆகக் குறைந்த பயன். இன்னொன்று: மைனரில் அதைப் பூட்ட வசதியான இடம் றேடியேற்றருக்கு முன்னால்தான். றேடியேற்றருக்குப் போகவேண்டிய காற்றை அது மறைக்கும், போகிற கொஞ்சத்தையும் முதலில் சூடாக்கிவிடும். நெரிசலில் தண்ணீர்ச் சூடு இன்னும் ஏறும். இதோடு இரண்டு நீண்ட ஹோஸ், கசியக்கூடிய புதிய மூட்டுகள். அதில் ஒன்று எங்காவது உரசிப் பிய்ந்தால் சம்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் தொட்டியில்) உள்ள ஒயில் முழுவதும் சில நிமிடத்தில் றோட்டில்.

ஒயிலை அளவுக்கு மேல் குளிராக்குவதும் கெடுதல்தான். ஒயில் அடிக்கடி 100 பாகையைத் தொட்டால்தான் அதற்குள் சேரும் ஈரமும் பெற்றோல் ஆவியும் வெளியேறும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வரும் காருக்கு அந்தச் சூடு வருவதே கஷ்டம். வால்வ் மூடியைத் திறந்தால் உள்ளே மயோனைஸ் போல வெளிறிய பசை ஒட்டியிருப்பது இப்படிப்பட்ட கார்களில்தான். கூலர் பூட்டியே ஆகவேண்டும் என்றால் ஒயில் தெர்மோஸ்டாட்டோடு பூட்டவேண்டும். 80 பாகைக்கு மேல்தான் கூலருக்கு வழி திறக்கும் வகை அது. தெர்மோஸ்டாட் இல்லாத கூலரை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

எல்லாப் பழைய காருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். வொக்ஸ்வாகன் பீற்றிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீரே இல்லை, காற்றும் ஒயிலும்தான் சூட்டைச் சுமக்கின்றன. இருப்பது இரண்டரை லீற்றர் ஒயில். அதன் கூலர் காற்றாடிக் கூட்டுக்குள்ளேயே கம்பனி வைத்துத் தந்தது. பீற்றிலில் பிரஷர் இறங்கினால் கூலர் இதழ்களுக்குள் தூசி அடைத்திருக்கிறதா, எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் விளிம்பும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவேண்டும். வேலை செய்தவர் கழற்றிய தகட்டைத் திரும்பப் பூட்டாமல் விட்ட பீற்றில்கள் கொழும்பில் நிறைய ஓடுகின்றன. எம்.ஜி.பி., மினி கூப்பர் எஸ் போன்றவற்றுக்குக் கம்பனியே கூலர் கொடுத்தது, ஏனென்றால் அவை நீண்ட நேரம் உயர் வேகத்தில் ஓட்டுவதற்கென்று விற்ற கார்கள். அதிலும் மினியில் கியர்ப் பெட்டியும் அதே ஒயிலில்தான் ஓடுகிறது. உங்கள் மைனரை அந்த வரிசையில் வைக்கத் தேவையில்லை.

தடித்த ஒயில் ஊற்றச் சொன்னவரின் யோசனையில் வேறொரு ஆபத்து இருக்கிறது. முள் ஏறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரஷர் அளவுக்கு மேல் போகாமல் இருக்க ரிலீஃப் வால்வ் ஒன்று இருக்கிறது. 60ஐத் தொட்டதும் அது திறந்து மிச்ச ஒயிலைச் சம்புக்கே திருப்பி அனுப்பும். மிகத் தடித்த ஒயில் என்றால் பெயரிங்குக்குள் போவது குறைவு, வால்வ் வழியே திரும்புவது கூட. பெயரிங்கைக் குளிர்விப்பது அதற்குள்ளால் ஓடும் ஒயில்தானே? கேஜில் 65 பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம், பெயரிங் முன்னையதை விடச் சூடாக ஓடிக்கொண்டிருக்கும். ஒயிலைக் கெட்டியாக்கும் கலவை என்று போத்தலில் விற்பதும் இதே வகைதான். காரை விற்கப்போகிறவர்தான் அதை வாங்குவார்.

ஆனால் இப்போது சம்பில் என்ன ஒயில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். இன்று எங்கள் சேர்விஸ் நிலையங்களுக்கு வருவதில் நிறைய அக்வா, வெசல் போன்ற ஹைபிரிட் வாகனங்கள். அவற்றுக்கு ஊற்றுவது 0டபிள்யூ-20 என்ற மிக நீர்த்த ஒயில். அதை மைனருக்கு ஊற்றினால் சூட்டில் முள் எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய எஞ்சினுக்கென்று வரும் மினரல் 20டபிள்யூ-50 போதும். கொழும்பில் காலைக் குளிர் என்றாலே 24, 25 பாகை, அதனால் அந்தத் தடிப்பு ஸ்டார்ட்டுக்கும் தடையில்லை.

அப்புறம் டிப் ஸ்டிக்கை (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை) இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் வாடை அடித்தால் ஒயில் நீர்த்திருக்கிறது. மைனரின் மின் பம்ப் எஞ்சினுக்கு வெளியே இருப்பதால் அதிலிருந்து சம்புக்குள் கசிய வழியில்லை. சோக் முழுதாகத் திரும்பவில்லையா, காபரேட்டர் கூடுதலாக ஊற்றுகிறதா என்று பார்க்கவேண்டும். ஆங்லியா, ஹில்மன் வைத்திருப்பவர்கள் எஞ்சினில் பூட்டிய பெற்றோல் பம்பின் டயஃபிரம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, கிழிந்தால் பெற்றோல் நேரே சம்புக்குள் போகும்.

கேஜையும் நம்பிவிடக்கூடாது. பழைய கேஜில் நாலைந்து பிஎஸ்ஐ பிழை இருப்பது சாதாரணம், அந்த அளவு பிழையே 12ஐயும் 16ஐயும் பிரிக்கும் தூரம். இன்னொரு கேஜை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் பூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு உங்கள் கேஜுக்கு வரும் குழாய் நைலோனா என்று கவனியுங்கள். எக்ஸோஸ்ட் பக்கம் பட்டால் அது உருகி, சூடான ஒயில் உங்கள் காலில் பீச்சும். செப்புக் குழாயாக மாற்றுங்கள், எஞ்சின் அதிர்வைத் தாங்க நடுவில் ஒரு சுருளும் விடுங்கள்.

ஒயிலின் சூட்டை அளக்காமல் கூலரைப் பற்றிப் பேசுவதே பிழை. ஓடிவந்து நிறுத்தியவுடன் குனிந்து, இன்ஃப்ராரெட் வெப்பமானியைச் சம்பின் அடிப்பக்கம் காட்டுங்கள். கறுப்புப் பெயின்ற் அடித்த இடத்தில் காட்டவேண்டும், பளபளக்கும் உலோகத்தில் அது பிழையாகக் காட்டும். கொவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடிக்க வாங்கிய கருவி இதற்கு உதவாது, அது காய்ச்சலுக்கு மேல் எண்ணத் தெரியாதது. தொழிற்சாலை வகை வேண்டும். சம்பின் தகடு உள்ளே இருக்கும் ஒயிலை விடச் சில பாகை குறைவாகவே காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். 90க்கும் 115க்கும் இடையில் இருந்தால் கூலர் தேவையில்லை. 130ஐத் தாண்டினால்தான் யோசிக்கவேண்டும், அப்போதும் முதலில் றேடியேற்றரையும் இக்னிஷன் டைமிங்கையும் பார்த்த பிறகுதான். டைமிங் பிந்தி எரிந்தால் எஞ்சின் முழுக்கச் சூடாகும். றேடியேற்றரின் பாதிக் குழாய் அடைத்திருந்தாலும் அதே கதை. கூலருக்கு ஒதுக்கிய காசில் றேடியேற்றரைக் கழற்றி உள்ளே கழுவி, தண்ணீருக்கான தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டால் நெரிசலில் பலன் தெரியும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே பல கராஜ்களில் ஒரு பழக்கம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ரிலீஃப் வால்வைப் பார்ப்பது அரை மணித்தியால வேலை. எஞ்சினின் வலப்பக்கம் பின்புறமாக, கும்பம் வைத்த அறுகோண நட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங்கும் கிண்ணம் போன்ற ஒரு பிஸ்டனும் வெளியே வரும். புதிய ஸ்பிரிங்கின் நீளம் ஏறத்தாழ 73 மில்லிமீற்றர், குறைந்திருந்தால் மாற்றுங்கள். கிண்ணம் உட்காரும் இடத்தில் சின்ன உலோகத் துகள் சிக்கியிருந்தால் வால்வ் முழுதாக மூடாது, ஐட்லிங் பிரஷர் குறையும். துடைத்துப் பூட்டியதும் முள் ஏறிய கார்கள் உண்டு. ஆனால் ஸ்பிரிங்கின் பின்னால் வாசர் வைத்து உயர்த்துவது ஐட்லிங்குக்கு உதவாது. அந்த நிலையில் வால்வ் ஏற்கெனவே மூடித்தானே இருக்கிறது? ஒயில் பம்பை மாற்ற அவசரப்படவும் வேண்டாம். அது எஞ்சினின் பின்பக்கம், கிளச்சுக்கும் பின்தகட்டுக்கும் உள்ளே இருக்கிறது. எஞ்சினையோ கியர்ப் பெட்டியையோ கழற்றாமல் கை எட்டாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் முள் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே போனால், ஓடும்போதே 40க்குக் கீழே நின்றால், அல்லது மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அடியிலிருந்து கனத்த உறுமல் கேட்டால், பெயரிங்கைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அதுவரை 12 என்றால் பயமில்லாமல் ஓடலாம். ஓடும்போது விளக்கு எரிந்தால் மட்டும் வீடு வரைக்கும் ஓட்டிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்து, அது கீழே கொட்டவும் இல்லையென்றால் நிரப்பிவிட்டு ஸ்டார்ட் பண்ணி, விளக்கு அணைகிறதா என்று பார்க்கலாம். ஒயில் நிறைய இருந்தும் விளக்கு எரிந்தது என்றால் லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும்.