விரல் நுனி வெட்டு: கம்பியை அழுத்தினால் சுரீர் என்கிறது

வெட்டுப்பட்ட ஆள்காட்டி விரலை இப்போதைக்குக் கிட்டார் கம்பியில் வைக்காதீர்கள். மற்ற மூன்று விரல்களால் வாசியுங்கள். மன்னார்குடியில் அறுவடையின்போது அரிவாள் பட்டது, தையல் பிரித்த பிறகும் கிட்டார் கம்பியை அழுத்தினால் சுரீர் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மேல்தோல் மூடியிருக்கும், உள்ளே நரம்பு ஆறியிருக்காது.

மூடி போட்ட பேனாவால் தழும்பை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் ஷாக் அடித்து நுனிவரை ஓடினால் பெரும்பாலும் நரம்புதான். அப்புறம் விரலின் இரண்டு பக்கமும் பஞ்சால் தொடுங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தாலோ, நுனிக் கணு மடங்காவிட்டாலோ காத்திருக்கவே வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். வயல் சேறு பட்ட காயம் வேறு, டெட்டனஸ் ஊசி போட்டீர்களா?

வலி அடங்கியதும் 10 நம்பர் மெல்லிய கம்பி (எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் 9) மாட்டி, அரைக் கட்டை சுருதி இறக்கிக்கொள்ளுங்கள். அழுத்தம் நன்றாகக் குறையும். பிளாக் சப்பாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி ஆலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். மெல்லிய கம்பியும் விரல் உறையும் போட்டு வாசித்தார்.

விரல் நுனிக்குக் கவசமாக சூப்பர் க்ளூ தடவச் சிலர் சொல்வார்கள். ஆறாத காயத்தில் அது வேண்டாம்.