சந்தக் கவிதைதான் பிடிக்கிறது என்றால் ரசனை மட்டமா?

சந்தக் கவிதை பிடிப்பது மட்டமான ரசனையா என்று நீங்கள் கேட்டதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. யாரோ இலக்கிய நண்பர் உங்களை மட்டம் தட்டியிருக்கிறார், அப்படித்தானே? எனக்கும் நடந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையன்று சின்னதாக ஒரு கவிதைச் சந்திப்பு. ஆளுக்கொரு பிடித்த கவிதை சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பேசியவர்கள் மரணம், தனிமை என்று கனமாகவே சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் குறும்பா ஒன்றைச் சொன்னேன். குறும்பா என்றால் ஐந்து வரியில் முடிகிற வேடிக்கைக் கவிதை. முத்தெடுக்க மூழ்கியவன் முன்னால் காலன் வந்து நிற்கிறான், இவன் சத்தமில்லாமல் அவன் கையில் பத்து முத்தைப் பொத்தி வைக்கிறான், வந்தவன் போய்விடுகிறான். எமனுக்கே லஞ்சம்! ஐந்தே வரி. கடைசி வரியில் இயைபு, அதாவது வரி முடிவில் ஒத்து வரும் ஓசை, வந்து விழுந்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

தலைமை தாங்கியவர் சிரிக்கவில்லை. “பிள்ளை, அது துணுக்கு. கவிதை எண்டால் நெஞ்சை உலுக்க வேணும்” என்றார். “தேர் வடம் பிடிக்க வந்தவனைச் சாதி பார்த்து அடிக்கிற ‘தேரும் திங்களும்’ எழுதினதும் இதே ஆள்தானே ஐயா?” என்று கேட்டேன். “அது வேற” என்றார். எப்படி வேறு என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. 1966இல் நூறு குறும்பாக்களை நூலாகவே போட்ட மனிதருக்குத் தான் எழுதுவது என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்?

எனக்குக் காதுதான் முதலில் வாசிக்கும். காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்கு நின்றுகொண்டே போகிறவள் நான். அந்த நெரிசலில் புத்தகம் விரிக்க இடமில்லை, மனப்பாடமாக இருப்பதுதான் துணை. சந்தம் உள்ளது கடைசி வரை கூட வரும். இல்லாதது வழியில் பம்பலப்பிட்டியிலேயே இறங்கிவிடும்.

உடனே, புதுக்கவிதைக்கு எதிரி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ என்ற ஈழத்துக் கவிதைத் தொகுப்பு வீட்டில் இருக்கிறது. ஒரே மூச்சில் படிக்க முடியாது, ஓரிரண்டு கவிதையோடு மூடி வைத்துவிடுவேன். ஈழத்துக் கவிஞர் சிவரமணியையும் அப்படித்தான். மதிப்பில்லாமல் இல்லை. ஆனால் மதிப்பது வேறு, சோறு வடிக்கும்போது தானாக வாயில் வருவது வேறு. இரண்டாவதைத்தான் நீங்கள் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

அப்புறம், ரசனை பற்றி நமக்கு வகுப்பெடுக்கிறவர்கள் நடத்தும் நூல் வெளியீடுகளுக்குப் போயிருக்கிறீர்களா? ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை. பிறகு முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் பெயராகக் கூப்பிட்டு மேடையில் படம் எடுப்பார்கள். கடைசியாகப் போன வெளியீட்டில் கவிஞருக்கு ஏற்புரைக்கு மிஞ்சியது ஐந்து நிமிடம். அதையும் அவர் நன்றி சொல்லியே முடித்தார். “ஒரு கவிதையாவது வாசியுங்கோ” என்று பின்னாலிருந்து கத்தினேன். சிற்றுண்டி தயார் என்று அறிவித்துவிட்டார்கள்.